பாப்பரசரின் ஒரு வரித் தமிழ்: பலேர்மோவிலிருந்து ரோமுக்கு ஓர் ஈஸ்டர் பயணம்

இந்த வருடம், 2007 ஈஸ்டருக்கு, ரோம் போய்ப் போப்பாண்டவரைப் பார்த்துவிட்டு வந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பிரசாதத்துக்காகக் கோயிலுக்குப் போகிற ஆள் நான், அதுவும் எங்கள் சாமி கோயிலுக்கு. உண்மைக் காரணம் பக்தி இல்லை, கட்டணம். பலேர்மோவிலிருந்து ரோமுக்குப் போக, வர, ஓர் இரவு தங்க, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து எழுபது யூரோ என்றார்கள். ஈஸ்டர் வாரத்தில் அந்தக் காசுக்கு ரோமில் கட்டில் கிடைப்பதே பெரிய பாடு. உடனே சரி என்றேன்.

பலேர்மோவில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் "போப் இங்கே வருவாரா, நாம்தான் போக வேண்டுமா?" என்று கேட்டு எழுதுகிறார்கள். நான் இங்கே வந்த ஒன்றரை வருடத்தில் அவர் வரவில்லை. ஆகவே நாம்தான் போக வேண்டும். அதற்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் கடற்பாசி ஆராய்ச்சி. கபோ சந்தைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஓர் அறை. காலை ஆறு மணிக்கு மீன்காரர்கள் போடும் கூச்சலில் எழுந்துவிடலாம், அலாரம் வேண்டாம். எனக்குக் கீழ் வீட்டில் ரெஜினா அக்கா குடியிருக்கிறார். மன்னார் பேசாலைக்காரர். கணவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருக்கிறார், பண்டிகை நாளில் அவருக்கு விடுப்பு கிடையாது. ரெஜினா அக்கா கால்சா பகுதியில், கடற்கரை ஓரத்துப் பழைய மாளிகை ஒன்றில், எண்பத்து நான்கு வயது அம்மையார் ஒருவரைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மையாரை அக்கா ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, அவ்வளவுதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, எங்கடை கோயில் ஆக்கள் பஸ் பிடிச்சு ரோமுக்குப் போறம். ஒரு இடம் கிடக்கு. வாறீங்களோ?" என்று மாடிப்படியில் வைத்துக் கேட்டார்.

"நான் கிறிஸ்தவன் இல்லையே அக்கா."

"பாப்பரசர் அதை உங்களிட்டைக் கேக்கப்போறாரே? வாங்கோ."

நாம் போப்பாண்டவர் என்பவரை இலங்கைத் தமிழர்கள் பாப்பரசர் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. ஏன் இத்தனை தூரம் போக வேண்டும், தொலைக்காட்சியில் வருமே என்று கேட்டேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"உயிர்த்த ஞாயிறண்டு மத்தியானம் பாப்பரசர் எல்லா மொழியிலையும் வாழ்த்துச் சொல்லுவர். தமிழிலையும் சொல்லுவர். அம்மா அங்கை ஊரிலை ரேடியோவிலை கேட்டிட்டு எனக்குப் போன் எடுப்பா. பாப்பரசர் தமிழிலை சொன்னவர், கேட்டனியே பிள்ளை எண்டு கேப்பா. நான் ஓம் அம்மா, கேட்டனான் எண்டுவன். பதினொரு வருசமாப் பொய், தம்பி. அந்த நேரம் சிஞ்ஞோரா வீட்டிலை பதினாலு பேருக்குச் சாப்பாடு. நான் குசினிக்குள்ளை நிண்டு ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டு நிப்பன்."

ஒரு வரித் தமிழுக்காகத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரா என்று எனக்குத் தோன்றியது. எழுபது யூரோவுக்காகப் போகிறவன் அதைக் கேட்கக் கூடாது.

இந்த வருடம் சிஞ்ஞோராவின் மகன் ஈஸ்டருக்கு மனைவியின் ஊருக்குப் போவதாக முடிவு. விருந்து இல்லை. ஆனால் அம்மாவைத் தனியே விட முடியாது, அதனால் ரெஜினாவுக்கு விடுப்பும் இல்லை. இதைக் கேட்டதும் சிஞ்ஞோரா, "அப்படியானால் நானும் பேருந்தில் போகிறேன்" என்று சொல்லிவிட்டாராம். மகன் கத்தினாராம். சிஞ்ஞோரா காது கேளாதவர்போல் உட்கார்ந்திருந்தாராம். காது நன்றாகவே கேட்கும்.

ஏப்ரல் 7, சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே பேருந்து நின்றது. நாங்கள் ஐம்பது பேர், கிட்டத்தட்ட எல்லோரும் மன்னார், யாழ்ப்பாணம், தீவுப் பக்கம். இட்லிப் பானை அளவுக்குப் பாத்திரங்களில் புட்டும் சம்பலும் ஏறின. கடைசியாக ஒரு கார் வந்தது. மகன் இறங்கிச் சக்கர நாற்காலியை இறக்கினார். ஐம்பது வயதிருக்கும், நல்ல கோட்டு. கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை, கறுப்புக் கம்பளிச் சால்வையுடன் சிஞ்ஞோரா இறங்கினார். கணவர் இறந்து பத்தொன்பது வருடம், அன்றிலிருந்து கறுப்புதான் என்று அக்கா சொல்லியிருந்தார்.

மகன் தாயின் கன்னத்தில் முத்தமிட்டார். பிறகு ரெஜினா அக்காவிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல், "அம்மாவுக்கு ஒரு சின்னக் குறை வந்தாலும் செவ்வாய்க்கிழமை நீ வேலைக்கு வர வேண்டியதில்லை" என்றார். என் அரைகுறை இத்தாலியனுக்கே முழுசாகப் புரிந்தது. இதில் என்ன பெரிய விஷயம், வேறு வீடு பார்த்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். அக்காவின் பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதியை, ஜூனில் புதுப்பிக்க வேண்டும். கையில் வேலை ஒப்பந்தம் இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. இரண்டு மாதத்துக்குள் இன்னொரு சிஞ்ஞோரா கிடைப்பது சுலபமில்லை.

சக்கர நாற்காலியைத் தள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. மற்ற ஆண்களெல்லாம் குழந்தை குட்டியோடு வந்திருந்தார்கள், என் கை மட்டும்தான் சும்மா இருந்தது. சிஞ்ஞோரா ஐந்தாறு அடி நடப்பார், நிற்பார், படியேறப் பிடித்துக்கொண்டால் போதும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவன் ஒல்லி" என்று அக்காவிடம் புகார் சொன்னார்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். பலேர்மோவிலிருந்து மெஸ்ஸீனா வரை 230 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், இடது கையில் கடல், அருமையான சாலை. மெஸ்ஸீனாவில் நம் தீவு முடிகிறது, பேருந்து அப்படியே கப்பலுக்குள் போய்விடும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் அக்கரை. கீழேயே உட்கார்ந்திருக்காதீர்கள், மேல்தளத்தில் பொரித்த சோற்றுருண்டை விற்கிறார்கள், சூடாக இருந்தால் வாங்கலாம். அதன்பின் ரோம் வரை எழுநூறு கிலோமீட்டர். இதில் சலேர்னோ வரையுள்ள பகுதிதான் தலைவலி. சாலை வேலை நடக்காத இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. "என் மகன் பிறந்தபோதும் இப்படித்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள், அவனுக்கு இப்போது மீசை" என்றார் ஓட்டுநர்.

அந்தச் சாலையில் ஒரு திடீர் பிரேக்கில் சிஞ்ஞோராவின் காப்பி முழுவதும் அவர் பாவாடையில் கொட்டியது. அக்கா பையிலிருந்து மாற்றுப் பாவாடை எடுத்து, அடுத்து நின்ற இடத்தில் மாற்றிவிட்டார். கொண்டுவந்தது இரண்டே பாவாடை. "பரவாயில்லை, தங்கிற இடத்திலை தோய்ச்சுக் காயவிடுவம்" என்றார்.

பேருந்தில் வந்த பாதிரியார், எல்லோரும் பாதர் என்று கூப்பிடும் நெடுந்தீவுக்காரர், ஒலிபெருக்கியை எடுத்தார். "ஞாயிற்றுக்கிழமை மொழிகள் அறுவதுக்கு மேலை வரும். எங்கடை மொழி பின்னுக்குத்தான். ஆபிரிக்க மொழிகள் முடிய ஹிந்தி வரும், அதுக்கு அடுத்தது தமிழ், அதுக்கடுத்தது மலையாளம். ஹிந்தி முடிஞ்ச உடனை வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ. போன முறை வந்த ஆக்கள் கத்தின கத்திலை ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்கேல்லை."

உடனே பேருந்தில் பாதித் தலைகள் என் பக்கம் திரும்பின. "தம்பி இந்தியாதானே, ஹிந்தி வந்தோடனை கையைக் காட்டுங்கோ."

நான் தூத்துக்குடிக்காரன். எனக்குத் தெரிந்த ஹிந்தி எல்லாம் ரயில் நிலைய அறிவிப்பு மட்டும்தான். தமிழ்நாட்டில் பாதிப்பேர் இப்படித்தான் என்று எடுத்துச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். "விளங்கத் தேவையில்லை, ஹிந்தி எண்டு பிடிச்சாக் காணும்" என்று அக்கா சமாதானம் சொன்னார். அவர்கள் ஊரில் காணும் என்றால் போதும் என்று பொருள்.

இரவு எட்டு மணிக்கு ரோம் எல்லையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் தங்குமிடம் சேர்ந்தோம். ஓர் அறைக்கு ஆறு கட்டில், வெந்நீர் உண்டு, சுத்தம். மற்றவர்கள் பக்கத்துக் கோயிலில் பாஸ்கா என்னும் ஈஸ்டர் இரவு வழிபாட்டுக்குப் போனார்கள். நான் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுப்பிவிட்டார்கள். ஆறேகாலுக்குப் பேருந்து கிளம்பியது. ரெஜினா அக்கா மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் இருந்தார், தலையில் பூ இல்லாத குறைதான். பாதி வழியில் அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். தோய்த்த பாவாடையைக் கன்னியர் வீட்டு மொட்டைமாடிக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். திரும்பிப் போக நேரமில்லை, மாலையும் அந்தப் பக்கம் வருவதாக இல்லை. "ஒரு நாள்தானே அக்கா" என்றேன்.

ஏழு மணிக்குப் போப்பாண்டவரின் பெரிய கோயிலுக்கு முன்னால் உள்ள சதுக்கத்துக்குள் போக வரிசையில் நின்றோம். நுழைவுச் சீட்டு இலவசம், பாதர் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தார். விமான நிலையத்தைப்போலப் பையைக் கருவிக்குள் விட்டுச் சோதிக்கிறார்கள். சக்கர நாற்காலிக்குத் தனி வழி, மேடைக்கு அருகிலேயே தனிப் பகுதி. ஆனால் துணைக்கு ஒருவர்தான் என்றார் அங்கிருந்த இளைஞர். நான் நாற்காலியை அக்காவிடம் கொடுக்கப் போனேன். சிஞ்ஞோரா கையை உயர்த்தினார்.

"இவன் என் கால். இவள் என் கை. எதை இங்கே விட்டுவிட்டு வரச் சொல்கிறாய்?"

அந்த இளைஞர் எங்களைத் தாண்டி எட்டிப் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. எங்கள் இருவரையும் உள்ளே விட்டார். அப்படித்தான், எந்தத் தகுதியும் இல்லாமல், உலகமே எட்டி எட்டிப் பார்க்கும் சதுக்கத்தில் நான் முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தேன். பாதரையும் சேர்த்து மற்ற நாற்பத்தேழு பேரும் பின்னால் தூண் ஓரத்தில் எங்கோ இருந்தார்கள்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வயதானவர்களை அழைத்துப்போகிறவர்களுக்கு இது முக்கியம். கழிப்பறைகள் சதுக்கத்தின் ஓரத்தில்தான் இருக்கின்றன. எட்டரைக்குச் சிஞ்ஞோராவை ஒருமுறை அழைத்துப் போய் வந்தோம், அதற்கே முக்கால் மணி நேரம். கூட்டம் நெருங்கியபின் வெளியே போனால் அதே இடத்துக்குத் திரும்ப முடியும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பெரியவர்களுக்கான டயாப்பரை அக்கா கொண்டுவந்திருந்தார். "அதைக் கட்டிக்கொண்டு போப்புக்கு முன்னால் உட்கார நான் என்ன குழந்தையா?" என்று சிஞ்ஞோரா கையால் தள்ளிவிட்டார்.

பத்தரைக்குத் திருப்பலிப் பூசை தொடங்கியது. மேடையைச் சுற்றி வயல்போலப் பூக்கள், ஹாலந்திலிருந்து வருமாம். வெள்ளை அங்கியில் போப்பாண்டவர், தூரத்தில் என் சுண்டுவிரல் உயரம். நல்ல வெயில். இலத்தீன் பாட்டு நீண்டுகொண்டே போனது. எனக்கு ஆர்வமும் இல்லை, சலிப்பும் இல்லை. இத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மௌனமாவதைப் பார்ப்பது மட்டும் நன்றாக இருந்தது. ரெஜினா அக்கா எல்லாப் பாட்டையும் பாடினார். சிஞ்ஞோரா பாட்டுக்கு நடுவே, பாடகர்கள் பலேர்மோவில் இதைவிட நன்றாகப் பாடுவார்கள் என்றார்.

திருப்பலி முடிந்து, போப்பாண்டவர் உள்ளே போய், பன்னிரண்டு மணிக்குக் கோயிலின் நடு மாடத்தில் தோன்றினார். கீழே பட்டாளத்து இசை. முதலில் இத்தாலியனில் நீண்ட செய்தி. பிறகு மொழிகள். ஒவ்வொரு மொழி வரும்போதும் சதுக்கத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து கொடி எழும்பும், கூச்சல் கிளம்பும், அடங்கும். போலந்துக்காரர்கள் அடங்கவே இல்லை. இது எனக்கு நிஜமாகவே பிடித்தது. நம்மூர்த் தேர்தல் முடிவு அறிவிப்பைப்போல, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கும்பல் காத்திருக்கிறது.

இருபது மொழி தாண்டியிருக்கும். சிஞ்ஞோராவின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். வெயில் உறைக்கிறது என்று நினைத்து, அவருக்குப் பிடித்திருந்த குடையைச் சாய்த்தேன். ரெஜினா அக்கா உடனே குனிந்தார்.

"சிஞ்ஞோரா, பாத்ரூமா?"

"இல்லை."

"நிச்சயமாகவா? இப்போதே போய்விடலாம்."

"இல்லை என்றேன்."

அக்கா என்னைப் பார்த்தார். சுவீடன், நார்வே பக்கம் போய்க்கொண்டிருந்தது பட்டியல். இப்போது எழுந்தால் தமிழ் போய்விடும். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மறுபடி குனிந்தார். "வாங்கோ, போவம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நாற்காலியின் பிரேக்கை எடுத்தார். சிஞ்ஞோரா கையை நீட்டிப் பிரேக்கைத் திரும்பப் போட்டார். "நான் இங்கே உட்கார வந்தேன். உட்கார்ந்திருக்கிறேன்."

அரபு வந்தது. ஹீப்ரு வந்தது. அதன்பின் எனக்குத் தெரியாத மொழிகள் வரிசையாக. ஐம்பது பேர் என்னை நம்பியிருப்பதாக ஒரு பயம், பின்னால் இருக்கிறவர்களால் என் கையைப் பார்க்கவே முடியாது என்பதுகூட அப்போது தோன்றவில்லை. சட்டென்று, நெல்லை விரைவு வண்டி தாமதமாக வரும் என்று சொல்லும் அந்தக் குரலின் சாயல் காதில் விழுந்தது.

"அக்கா, இதுதான் ஹிந்தி."

ரெஜினா அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அடுத்தது தமிழ்.

ஒரே ஒரு வரி. எழுத்தைப் பார்த்துக் கவனமாகப் படிப்பவரின் உச்சரிப்பு, அங்கங்கே இடறியது. ஆனால் தமிழ். வீட்டில், தெருவில், சண்டையில், காய்கறி வாங்கும்போது பேசுகிற அதே தமிழ், அந்த உயரத்திலிருந்து, அத்தனை ஒலிபெருக்கியிலும். பின்னால் தூணோரத்திலிருந்து நம் ஆட்களின் சத்தம். நானும் கத்தினேன். பக்தி இல்லாதவன் ஏன் கத்த வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன், கத்தினேன் என்பதுதான் உண்மை.

மலையாளம் தொடங்கியிருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவ்வளவுதானே, தம்பி?" என்றார்.

"அவ்வளவுதான் அக்கா."

"காணும்."

சிஞ்ஞோரா தலையைத் திருப்பினார். "உங்களுடையதுதானே அது?"

"ஆமாம், சிஞ்ஞோரா."

"ரொம்பச் சின்னது" என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே சால்வையைச் சரிசெய்யக் குனிந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பாவாடை நனைந்து, நாற்காலியின் துணியும் நனைந்து, கீழே கல்லிலும் சொட்டியிருந்தது. "ஐயோ சிஞ்ஞோரா" என்றார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

சிஞ்ஞோரா நேராக மாடத்தைப் பார்த்தபடியே இருந்தார். "முன்னால் பார்" என்றார். "போப் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்."

சுற்றியிருந்த யாருக்கும் தெரியாது. நான் குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தேன். கடைசி மொழி முடிந்து, ஆசீர்வாதமும் முடியும்வரை மூவரும் அப்படியே இருந்தோம். கறுப்புத் துணியில் எதுவும் தெரியாது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

பேருந்து நிறுத்துமிடம் இரண்டு கிலோமீட்டர். சதுக்கத்தின் கருங்கல் பதித்த தரையில் நாற்காலி குலுங்கும், பெரிய சக்கரமுள்ளதாகப் பார்த்து எடுத்துப்போங்கள். மாற்றுப் பாவாடை கன்னியர் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஈஸ்டர் ஞாயிறு, கடைகள் பூட்டு. அக்கா தன் பையைத் திறந்தார். பயணத்தில் மாற்றிக்கொள்ள வைத்திருந்த நைலெக்ஸ் சேலை ஒன்று இருந்தது. கிளிப்பச்சை, அதில் மஞ்சள் பூ. பெண்கள் ஆண்களை இறக்கிவிட்டுப் பேருந்தின் திரைகளை இழுத்தார்கள். அரை மணி நேரம் கழித்து எங்களை ஏறச் சொன்னபோது சிஞ்ஞோரா இரண்டாவது வரிசையில் சேலையில் உட்கார்ந்திருந்தார். மேலே அதே கறுப்புச் சட்டை. கொசுவத்தைப் பத்து விரலாலும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை ஐந்துக்குக் கிளம்பினோம். அக்கா மன்னாருக்குப் போன் போட்டார். "ஓம் அம்மா, கேட்டனான்" என்றார். வருடா வருடம் சொன்ன அதே சொற்கள்தான். சொல்லிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அதன்பின் வழி முழுக்க மகனிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தார். நான் பேசட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. பாவாடையை விட்டிட்டு வந்தது நான்தானே. நடந்ததை நானே சொல்லுறன்" என்றார். வழியில் நின்ற இடங்களில் சிஞ்ஞோராவைப் பார்க்காதவர்கள் இல்லை. அவரும் எல்லோரையும் திரும்ப முறைத்துப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தார்.

பலேர்மோ வந்து சேர்ந்ததைச் சொல்லும் முன், போக நினைப்பவர்களுக்கான குறிப்புகள். நுழைவுச் சீட்டுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், பங்குக் கோயில் மூலம் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். ஏழு மணிக்குப் பின் வந்தால் நிற்க மட்டுமே இடம். தோளை மூடும் உடை, தொப்பி, தண்ணீர், சின்னக் குடை. தமிழ் வாழ்த்து வரும்போது மணி பன்னிரண்டரையை ஒட்டியிருக்கும், அதற்கு முன்னால் எழுந்து போய்விடாதீர்கள். கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை, யாரும் கேட்பதில்லை. வயதானவர் யாரையாவது அழைத்துப்போனால் மாற்று உடையை முதுகுப் பையிலேயே வைத்திருங்கள், விடுதியில் அல்ல. நீங்கள் கவனித்துக்கொள்வதாக நினைக்கும் ஆள் உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்காது.

திங்கள் காலை ஏழு மணிக்குச் சற்று முன் ரயில் நிலையத்தில் இறங்கினோம். மகன் காரோடு நின்றிருந்தார். நானும் இன்னொருவரும் சிஞ்ஞோராவைப் பிடித்து இறக்கினோம். கிளிப்பச்சையும் மஞ்சளும் காலை வெயிலில் பளிச்சென்று இருந்தன. மகன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. தாயைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பிறகு ரெஜினா அக்காவைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

அக்கா ஓரடி முன்னால் வந்தார். "சிஞ்ஞோர், நான்..." என்று தொடங்கினார். ஆனால் சிஞ்ஞோரா முந்திக்கொண்டார்.

"அவளை ஏன் கேட்கிறாய்? எனக்குப் பிடித்திருந்தது. கேட்டேன், கொடுத்தாள், கட்டிக்கொண்டேன். பத்தொன்பது வருடம் போதாதா?"

மகன் கார்ச் சாவியை எடுத்தார். முன்கதவைத் திறந்து தாயை உட்காரவைத்தார், கதவைச் சாத்தினார். நான் நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தேன். கதவிடுக்கில் முந்தானை மாட்டி வெளியே தொங்கியது. அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்து, முந்தானையை எடுத்து, தூசு தட்டி, சிஞ்ஞோராவின் மடியில் வைத்தார். சிஞ்ஞோரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. பின் இருக்கையைத் தலையால் காட்டினார்.

"ஏறு" என்றார்.